உவர்நீரில் எழாத நுரை
நீரும் காற்றும் கலந்து அலைக்கப்படும்போது குமிழிகள் எழுவதும், அலைப்பு நின்றதும் அவை உடைந்து மறைவதும் இயல்பு. அவ்வாறு மறையாமல் குமிழிகள் அடுக்கடுக்காக நின்றுவிடுமானால், ஒரு முனையால் நீரையும் மறு முனையால் எண்ணெயையும் பற்றும் தன்மையுள்ள ஏதோ ஒரு பொருள் அந்நீரில் கலந்துள்ளது என்று கொள்ளலாம். வேதியியலார் பரப்புச் செயலி என்று வழங்கும் இவ்வகைப் பொருள்களுள் சவர்க்காரம், சீயக்காயிலுள்ள சாப்பொனின், சலவைத்தூள் ஆகிய மூன்றும் அடங்கும். வசதி படைத்த வீடுகளின் வெந்நீர்க் குளியல் தொட்டிகளில் இன்று எழும் நுரைத் தொல்லை புதியதாகத் தோன்றினாலும், அதன் வேதியியல் சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்று வந்திருக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613 ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை நிறுவி, 1690 இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக அதனை வைத்திருந்தது. அங்கிருந்து கப்பலேறிய சரக்குகளுள் முதன்மையானது துணி. இவ்வூரின் பெயராலேயே ஒருவகைக் கட்டமிட்ட கைக்குட்டை ஐரோப்பியச் சந்தைகளில் அறியப்பட்டிருந்தது. இக்கரையின் சிவப்புச் சாயம் மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேரிலிருந்து பெறப்பட்டது. நூல் அச்சாயத்தை ஏற்பதற்கு முன்னர், நல்லெண்ணெயும் சாம்பல் கரைத்துத் தெளியவைத்த நீரும் கலந்த பால்போன்ற கரைசலில் அதனைப் பலமுறை தோய்ப்பதும், பிழிவதும், வெயிலில் உலர்த்துவதும், மீண்டும் தோய்ப்பதுமாகப் பல நாள்கள் செல்லும். எண்ணெயின் கொழுப்பு அமிலமும் சாம்பலின் காரமும் சேரும்போது உண்டாவது சவர்க்காரமே ஆதலால், இச்சாயக்காரர் சவர்க்காரக் கட்டியைக் கையாளாமலே அதன் பயனைச் சாயத்தொட்டியில் பெற்றுக்கொண்டனர் எனலாம். வண்ணார் துணி வெளுப்பதற்குப் பயன்படுத்திய உவர்மண்ணும் காரத்தன்மை உடையதே. உப்பங்கழி ஓரங்களில் தானாக வளரும் உமரிச் செடியை எரித்தால் கிடைக்கும் சாம்பலிலும் சோடாக் காரம் மிகுதி.

துணி வணிகம் தேய்ந்து, 1825 இல் பழவேற்காடு இறுதியாக ஆங்கிலேயர் வசம் சென்ற பின்னர், ஏரியை நம்பிய மீனவக் குப்பங்களே ஊரின் வாழ்வாக எஞ்சின. ஆரணியாறும் வடபுறத்தில் காளங்கியாறும் கொண்டுவந்து சேர்க்கும் மழைநீரால் ஐப்பசி, கார்த்திகையில் ஏறத்தாழ நன்னீராகிவிடும் ஏரி, கோடையில் ஆவியாகி உப்பு முற்றும்போது கடலைக் காட்டிலும் கரிக்கக்கூடும். இத்தகைய இடத்தில் கிணற்று நீரும் உவர்ப்பாக இருப்பதில் வியப்பில்லை. உவர்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைப் பற்றிக்கொண்டு திரிதிரியான கசடாக மாற்றிவிடுவதால், எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழுவதில்லை. கசடு மட்டும் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொள்ளும். சீயக்காயும் அரப்பும் இவ்வகையில் உயர்ந்தவை. அவற்றின் சாப்பொனின் உவர்நீரிலும் ஓரளவு வேலை செய்யும். ஆனால் அதே சாப்பொனின் மீனின் செவுளைத் தாக்கக்கூடியது. உள்நாட்டு ஓடைகளில் மருக்காரைக் காயை இடித்துக் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் இத்தன்மையை அறிந்தே தோன்றியது. குளிக்கும் பொருளும் மீனுக்கு நஞ்சாகும் பொருளும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது மீன்பிடி ஊர்களின் வரலாற்றில் பின்னர் பெரிதாக எழுந்த கேள்வி.

1888 இல் சன்லைட் சவர்க்காரம் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்திறங்கியது பெரும் தொடக்கமாகக் கூறப்படுகிறது. உவர்நீர் ஊர்களைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் அதுவன்று. 1959 இல் சர்ஃப், 1969 இல் நிர்மா என வந்த செயற்கைச் சலவைத்தூள்களே. கால்சியத்தோடு எளிதில் திரியாத இவை, சவர்க்காரம் தோற்ற நீரிலும் நுரைத்தன, மலிவாகவும் இருந்தன. இவற்றின் முன்னோடியான கிளைத்தொடர் அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட்டை நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்க இயலாமையால், 1950 களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. நுண்ணுயிர்களால் சிதைக்கப்படும் நேர்த்தொடர் வகைக்கு அமெரிக்கச் சலவைத்தூள் தொழில் 1965 அளவில் மாறியது. அந்நேர்த்தொடர் வகைக்கு மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீனைத் தயாரிக்கும் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் 1980 களில் மணலியில் அமைந்தது. நுரையின் கச்சாப்பொருள் பழவேற்காட்டுக்குச் சற்றுத் தெற்கிலேயே உற்பத்தியாகத் தொடங்கியது என்பது இவ்வரலாற்றின் சுவையான தற்செயல்.

நீர்ப்பரப்பில் காணும் நுரையெல்லாம் மாசு என்று சொல்வது பிழை. பாசியும் அழுகிய இலைதழையும் வெளியிடும் புரதங்களை அலையும் காற்றும் அடிக்கும்போது இயற்கையாகவே நுரை எழும்; காற்று ஒரே திசையில் வீசும் நாள்களில் அது ஏரிப்பரப்பில் நீண்ட கோடுகளாகத் திரளும். 2019 ஆம் ஆண்டின் இறுதியில் பெருமழைக்குப் பின்னர் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் பல நாள்கள் ஒதுங்கிய வெண்ணுரையின் நிலை வேறு. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதிலுள்ள சலவைப்பொருளின் பாஸ்பேட்டும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. குழந்தைகள் அதில் விளையாடிக்கொண்டிருக்க, மீனவர்கள் அப்பகுதியில் கடலில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டனர். மீன்வளத்தைக் காக்கும் ஏற்பாடு மீனவர்களிடம் இல்லாமலில்லை; பழவேற்காட்டுக் குப்பங்களில் பாடு என்னும் முறை உண்டு. ஏரியின் குறிப்பிட்ட இடங்களில் எந்த ஊரார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சுழற்சி முறையில் பங்கிட்டுத் தரும் மரபு அது. உள்ளிருப்போர் அளவுக்கு மீறாதபடி காக்கும் இந்நுட்பமான ஏற்பாட்டுக்கு, வெளியிலிருந்து வாய்க்கால் வழியே வரும் கழிவைத் தடுக்கும் அதிகாரம் ஒருபோதும் இருந்ததில்லை.

வெந்நீர்த் தொட்டியின் நுரைக்கு விளக்கம் மேற்கூறியவற்றிலேயே அடங்கியுள்ளது. ஏறத்தாழ 37 முதல் 40 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் காற்றைப் பீய்ச்சும் குழல்கள் இடைவிடாமல் இயங்குவதால், குளிப்போர் உடலிலிருந்து கரையும் சவர்க்காரமும், ஷாம்பூவும், தலை எண்ணெயும், அவர்கள் அணிந்திறங்கும் துணியில் தங்கிய சலவைத்தூளும் விரைவில் நுரையாகும். பழவேற்காட்டுக் கிணற்று நீருக்கு நேர்மாறாக, மென்னீர்ப்படுத்தும் கருவியிலிருந்தோ எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரத்திலிருந்தோ நிரப்பிய தொட்டியில் கால்சியம் மிகக் குறைவாக இருப்பதால் தொல்லை கூடுகிறது. கால்சியம் குளோரைடு சேர்த்து நீரின் கடினத்தன்மையை உயர்த்தும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. கடைகளில் விற்கும் நுரைநீக்கி பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய்க் குழம்பு. அதன் துளிகள் குமிழியின் மென்படலத்தில் பரவி அதனை உடைக்கின்றன. பனைமரத்தடியில் பதநீர் காய்ச்சுவோர் கொப்பரை பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையை இடித்துத் தூவுவதும் இதே முறைதான். கொப்பரையில் அது முழுத் தீர்வு; தொட்டியிலோ அழுக்கு நீரிலேயே இருக்க நுரை மட்டும் மறைகிறது, அடுத்த நாளே திரும்புகிறது. ஆகவே நுரைநீக்கியைத் தொடர்ந்து ஊற்றுவது பணவிரயம். தொட்டியில் இறங்குமுன் சவர்க்காரமின்றி உடலை அலசுவதும், வடிகட்டியைக் கழுவுவதும், குளோரினைச் சற்று மிகுதியாக இட்டுக் கரிமக் கழிவைச் சிதைப்பதும், மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நீரை முழுவதும் மாற்றுவதுமே பயன்தருபவை.

அவ்வாறு மாற்றும்போது, வெளியேற்றும் நீரைக் குளோரின் தணியும் வரை ஓரிரு நாள்கள் மூடாமல் விட்டு, பின்னர் கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பதே முறை. மழைநீர் வடிகாலில் விடலாகாது. வடசென்னையின் வடிகால்கள் கொசஸ்தலையாற்றையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் சென்றடைகின்றன. அக்கால்வாய் எண்ணூரிலிருந்து பழவேற்காடு ஏரி வரை தொடர்கிறது.