முகமூடிப் படை - 14: படம் போட்டது யார்?

போன வாரம் உங்களை அலபாமாவில், மொபைல் நகரத்துக் கோர்ட் வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். கால் கடுத்திருக்கும். வாருங்கள், உள்ளே போவோம்.

அதோ உட்கார்ந்திருப்பவர் பியூலா மே டொனால்ட். கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்ட பத்தொன்பது வயது மைக்கேலின் தாய். சவப்பெட்டியை மூடாதீர்கள், என் பிள்ளையை என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்ற அதே அம்மா.

கொன்ற இருவரும் ஏற்கெனவே சிறையில். ஒருவனுக்கு மரண தண்டனையே விதித்தாகிவிட்டது. அப்புறம் எதற்கு இன்னொரு வழக்கு?

வக்கீல் மோரிஸ் டீஸின் குறி வேறு. ஏவப்பட்டவர்கள் இருக்கட்டும், ஏவியவர்கள் எங்கே? 'யுனைடெட் கிளான்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற அமைப்பையே கூண்டில் ஏற்றிவிட்டார். அதன் தலைவர் ராபர்ட் ஷெல்டன். பட்டம் 'இம்பீரியல் விசார்ட்'. பேரரசின் மந்திரவாதியாம்!

யாரோ இரண்டு பேர் செய்ததற்கு அமைப்பு என்ன செய்யும்? இதுதான் எதிர்த்தரப்பு வாதம்.

கொலை எப்படி முளைத்தது என்று பாருங்கள். வேறொரு வழக்கு. வெள்ளைப் போலீஸ்காரரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் விஷயத்தில் ஜூரி ஒத்துப்போகவில்லை. கிளான் கூட்டத்தில் கொளுத்திப்போட்டவர் உள்ளூர்ப் பெரிய தலை பென்னி ஹேஸ். இரவில் காரில் கிளம்பியதோ அவர் மகனும், நோல்ஸ் என்ற பதினேழு வயதுப் பையனும். அந்த வழக்குக்கும் மைக்கேலுக்கும் ஒரு ஒட்டும் இல்லை. சிகரெட் வாங்கக் கடைக்குப் போன பிள்ளை அவன்.

டீஸ் ஒரு பத்திரிகையை எடுத்து ஜூரிக்குக் காட்டினார். அமைப்பின் சொந்த ஏடு, 'ஃபயரி கிராஸ்'. அதில் ஒரு சித்திரம். கழுத்தில் சுருக்கோடு ஒரு கறுப்பின மனிதர். கறுப்பர்களுக்கு உரியதை வெள்ளையர்கள் கொடுக்க வேண்டும் என்று கூடவே வாசகம்.

ஆண்டு 1979. மைக்கேல் செத்தது 1981-ல்.

கயிறு வாங்குவதற்கு முன்பே படம் போட்டாயிற்று!

கடைசி நாள். 1987 பிப்ரவரி. நோல்ஸ் எழுந்தான். அவனுக்கு வக்கீல் கிடையாது. நான் சொன்னதெல்லாம் நிஜம், கிளான்காரனாகத்தான் இதைச் செய்தேன், என்மீதும் சம்பந்தப்பட்ட எல்லோர்மீதும் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றான்.

பிறகு அந்தத் தாயின் பக்கம் திரும்பினான்.

மன்னிப்புக் கேட்டான். அழுதான்.

அந்த அம்மா மன்னித்துவிட்டார்.

நோல்ஸைத்தான் மன்னித்தார். வழக்கை வாபஸ் வாங்கவில்லை, கவனியுங்கள்.

ஜூரி உள்ளே போனது. அத்தனை பேரும் வெள்ளையர்கள். தெற்கில் அப்படிப்பட்ட ஜூரிகள் கிளானுக்கு என்னென்ன சலுகை காட்டின என்பதைத்தான் பல வாரமாகப் பார்த்து வருகிறோமே!

நாலு மணி நேரம் போனது.

கதவு திறந்தது.

டஸ்கலூசாவில் அமைப்புக்குச் சொந்தமாக ஒரு தலைமையகக் கட்டடம் இருந்தது. அதன் சாவி அடுத்த வாரம் நமக்குத் தேவைப்படும்.

(தொடரும்)