ஹெடர் குழாய்க்கு வெப்பத்தடை நாடா: பயனும் கேடும்

1. பொருளும் எல்லையும்

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் கழிவுவாயுவைத் தனித்தனிக் குழாயில் வாங்கி, ஓரிடத்தில் சேர்த்து, சைலன்சர் நோக்கிச் செலுத்தும் அமைப்பு ஹெடர் எனப்படும். தனிக்குழாய்களைக் கிளைக்குழாய் என்றும், அவை ஒன்றுசேரும் இடத்தைக் கூடல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். வெப்பம் தாங்கும் இழையால் நெய்து, இக்குழாய்களின்மேல் சுருளாகச் சுற்றப்படும் பட்டையே வெப்பத்தடை நாடா. நாடா சுற்றியபின் வெப்பம் எங்கே போகிறது என்ற ஒரே கேள்வியை விடாமல் பின்தொடர்ந்தால் அதன் பயனும் கேடும் சேர்ந்தே விளங்கும் என்பது நம் கருத்து.

2. வெப்பம் வெளியேறும் வழிகள்

முழுச் சுமையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினின் கழிவுவாயு 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கும். குழாய்ச் சுவரை அடைந்த வெப்பம் மூன்று வழிகளில் வெளியேறுகிறது. ஃபிளாஞ்ச் வழியாகச் சிலிண்டர் ஹெட்டுக்குத் திரும்புவது வெப்பக்கடத்தல். இதை நாடா தொடுவதேயில்லை. குழாயை உரசிச் செல்லும் காற்று சுமந்து போவது வெப்பச்சலனம். ஊடகம் ஏதும் வேண்டாமல் நேரே பாய்வது வெப்பக்கதிர்வீச்சு.

மூன்றாவது வழியே நம் கவனத்துக்கு உரியது. கதிர்வீச்சு, பரப்பின் தனிவெப்பநிலையினுடைய நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும். 600 டிகிரி செல்சியஸில், அதாவது 873 கெல்வினில், உள்ள கரும்பரப்பு ஒன்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 33 கிலோவாட் உமிழும். நாடாவின் வெளிப்புறம் 300 டிகிரியில் நிற்குமானால் அந்த உமிழ்வு 6 கிலோவாட்டாகக் குறைந்துவிடும். நாடா மெல்லியதாயினும் அதன் பயன் கைக்கே தெரியுமளவு பெரிதாயிருப்பதற்குக் காரணம் இந்த நான்காம் அடுக்குதான். 1990-களின் மெக்லாரன் எஃப்1 காரில் எஞ்சின் அறையின் உட்புறம் தங்கத்தாள் ஒட்டியதும் கதிர்வீச்சைக் கருதியே. ஆயினும் அது வேறு உத்தி: தங்கம் தன்மேல் விழும் வெப்பத்தைத் திருப்பியனுப்பும், நாடாவோ வெப்பம் புறப்படும் இடத்திலேயே மறிக்கும்.

3. பயன்கள்

முதற்பயன் எஞ்சின் அறைக்கு. வயர், ரப்பர் ஹோஸ், பிரேக் எண்ணெய்க் குழாய் ஆகியவை சூட்டிலிருந்து தப்புகின்றன. எஞ்சின் அறைக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும் வண்டியாயின், உள்ளிழுக்கும் காற்று 60 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குத் தணிந்தால் அதன் அடர்த்தி 3 விழுக்காடு கூடும். வெளிக்காற்றை நேரே இழுக்கும் வண்டிக்கு இந்த ஆதாயம் இல்லை.

இரண்டாம் பயன் வாயுவின் ஓட்டம் பற்றியது. குழாய்க்குள் அழுத்த அலை செல்லும் வேகம் தனிவெப்பநிலையின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. சராசரி வாயுச் சூடு 650 டிகிரியிலிருந்து 700 டிகிரிக்கு ஏறியதாகக் கொண்டால் அலைவேகம் 3 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாகவே கூடும். 6,000 சுற்றில் இசைவுற்றிருந்த ஹெடர் 6,160 சுற்றுக்கு நகரும், அவ்வளவே. நாடா சுற்றியதும் குதிரைத்திறன் எகிறும் என்ற பேச்சை இந்தக் கணக்கை வைத்து எடைபோட்டுக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினில் வினையூக்கி மாற்றி விரைவில் சூடேறுவதும், டர்போ உள்ள வண்டியில் டர்பைனுக்கு வெப்ப ஆற்றல் மிகுதியாகச் சென்று சேர்வதும் இதைவிட உறுதியான நன்மைகள்.

4. இழை வகைகள்

பழைய நாடாக்கள் கல்நாரால் ஆனவை. நுரையீரலைக் கெடுக்கும் பொருள் என்பதால், பழைய காரில் அதைக் கண்டால் உலர்ந்த நிலையில் உரிக்கவே கூடாது. இன்று மலிவானது கண்ணாடி இழை. அது 840 டிகிரி அளவில் இளகும். அதற்கு வெகு முன்பே வலுவிழந்து நொறுங்கத் தொடங்கும். எரிமலைப் பாறையாகிய பசால்ட்டை உருக்கி இழுத்த இழை இதனினும் தாங்கும். டைட்டானியம் என்ற பெயரில் விற்கும் நாடாக்கள் பல இவ்வகையே. சிலிக்கா இழை 1,000 டிகிரி அளவிலும் நிற்கும், விலையும் அதற்கேற்ப.

5. சுற்றும் முறை

வேண்டிய நீளத்தை முன்னரே கணிக்கலாம். 42 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயின் சுற்றளவு 132 மி.மீ. 50 மி.மீ. அகல நாடாவை 6 மி.மீ. மேற்படியுமாறு சுற்றினால் ஒரு சுற்றுக்கு 44 மி.மீ. முன்னேறும். சாய்வையும் சேர்த்தால் ஒரு மீட்டர் குழாய்க்கு 3.2 மீட்டர் நாடா செல்லும். 75 செ.மீ. நீளக் கிளைக்குழாய் நான்குக்கு 10 மீட்டர் போதும். வளைவின் உட்புறத்தில் மேற்படிவு கூடுவதால் 15 மீட்டர் சுருள் வாங்குவது நல்லது.

கையுறையும் முகக்கவசமும் அணிந்த பின்னரே தொடங்க வேண்டும். கண்ணாடி இழை நாடாவை நீரில் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும், தூளும் பறக்காது. கீழிருந்து மேலாகச் சுற்றினால் மேற்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் படிந்து, ஓட்டுக்கூரையில் போல நீர் வழிந்தோடும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளால் இறுக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சார் அமரும் இடத்தை மூடக் கூடாது. முதல் ஓட்டத்தில் புகை வருவது நெசவின் பசை எரிவதால், அது அடங்கிவிடும்.

6. உலோகத்துக்கு நேர்வது

வெற்றுக் குழாயின் சூடு ஒரு சமநிலை. உள்ளிருந்து வாயு தரும் வெப்பமும் வெளியே இழக்கும் வெப்பமும் ஈடாகும் புள்ளியில் அது நிற்கிறது. நாடா இழப்பை மறித்ததும் அப்புள்ளி வாயுவின் சூட்டை நோக்கி மேலேறுகிறது. எஞ்சின் அறைக்கு மிச்சமான சுமையை எஃகு ஏற்கிறது.

சாதாரண மென்னெஃகு 540 டிகிரிக்கு மேல் விரைந்து செதிலுதிரும், சுவர் மெலியும். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு அவ்வாறு உதிராது. ஆனால் 425 முதல் 860 டிகிரி வரையிலான எல்லையில் நீண்டநேரம் நின்றால் அதன் குரோமியம் கார்பனோடு கூடி, படிக எல்லைகளில் கார்பைடாகப் பிரியும். குரோமியம் வற்றிய அவ்வெல்லைகளில், ஈரமும் உப்பும் சேரும்போது அரிப்பு நுழைகிறது. பெரும்பாலும் பற்றவைப்பை ஒட்டியே விரிசல் தோன்றும். 321 வகையில் டைட்டானியம் கார்பனை முன்னதாகவே பிணைத்துக்கொள்வதால் இக்கேடு குறைவு.

நாடா நீரையும் பிடித்துவைக்கும். பந்தயக் கார் ஓடி முடித்ததும் ஷெட்டில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் ஓடி, இரவெல்லாம் வாசலில் நிற்கும் காரில் ஈர நாடா எஃகை ஒட்டியே கிடக்கும். துரு உள்ளே மறைந்து வளரும். குழாய் ஓட்டையான பின்னரே தெரியவரும். நாடா சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என ஹெடர் செய்வோர் சிலர் எழுதி வைப்பது இதனால்தான்.

7. முடிபு

321 எஃகில் செய்து, ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் சோதிக்கப்படும் ஹெடருக்கு நாடா தகும். அன்றாடம் ஓடும் மென்னெஃகு ஹெடருக்குத் தகாது. அதற்குக் குழாயிலிருந்து இடைவெளி விட்டுப் பொருத்தும் தகட்டு மறைப்போ பீங்கான் பூச்சோ போதும். எண்ணெய் கசியும் எஞ்சினில் எவ்வகை ஹெடராயினும் கசிவை நிறுத்தும் வரை நாடாவே கூடாது: அது எண்ணெயை உறிஞ்சி, சூடான குழாயின்மேலேயே வைத்துக்கொள்ளும், தீ அங்கிருந்துதான் பற்றும்.