முஸல்லாவும் மல்லரங்கும்

'ஷைகு' என்னும் அரபுச் சொல்லுக்கு முதியவர், ஆசான், பெரியவர் என்பன பொருள். கல்வியிலும் ஒழுக்கத்திலும் மூத்தோரை அச்சொல்லால் அழைப்பது அரபு மரபு. தமிழகத்திலோ அது நம் பெயர்களோடு இரண்டறக் கலந்துவிட்டது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) அவர்களின் பெயரில் முன்னிற்பதும் அச்சொல்லே. இத்துணை மதிப்புடைய சொல், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பல்லாயிரவர் கூடி வசைபாடும் பெயராக மாறிய வரலாறு நாம் அறியத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இல்லங்களில் தொலைக்காட்சி பரவத் தொடங்கியது. குறைந்த செலவில் நேயர்களைக் கவரும் நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. நாற்புறமும் கயிறு கட்டிய ஒரு மேடை, இருவர் பொருதல், சில படக்கருவிகள் - தொழில்முறை மல்யுத்தத்திற்கு இவை போதும். இதில் வெற்றி தோல்வி முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்கும். நல்லவன் ஒருவன், தீயவன் ஒருவன் என இரு வேடங்கள் வேண்டும். மேடையேறிய மறுகணமே அவையோர் வெறுக்கும் தீயவன் கிடைத்துவிட்டால் காட்சி களைகட்டிவிடும்.

அத்தகைய தீயவனாகப் புகழ்பெற்றவர் எட்வர்ட் ஃபர்ஹத். மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரில், அரபு நாட்டிலிருந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். போரில் அமெரிக்கப் படைவீரராகப் பணியாற்றியவர். 1940-களின் பிற்பகுதியில் அவர் மல்லரங்கு புகுந்தபோது அவருக்கு வாய்த்த பெயர், 'அரபு நாட்டு ஷைகு' என்பது. அப்பெயரும் அரபு நாட்டிலிருந்து வந்ததன்று. ஓர் ஆங்கில மாது 1919-இல் எழுதிய புதினம், அதனை ஒட்டி 1921-இல் வெளிவந்த ஊமைப்படம், அதே ஆண்டு பிறந்த மெட்டுப் பாடல் ஒன்று - இவற்றின் வழியாகவே அது மேடைக்கு வந்தது. லான்சிங்கில் பிறந்தவர் சிரியப் பாலைவனத்தவர் என அறிவிக்கப்பட்டார். பொதுமக்கள் முன் அவர் ஆங்கிலம் பேசுவதையே தவிர்த்தார்.

1964-இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் மல்யுத்தம் நடத்தும் உரிமையை அவரே வாங்கினார். 'பிக் டைம் ரெஸ்லிங்' என்ற அவரது தொலைக்காட்சி நிகழ்ச்சி, உண்மையில் ஒரு விளம்பரமே. வீட்டிலிருந்து கண்டவர்களைக் கோபோ அரங்கின் வாயிலுக்கு இழுத்து வந்து நுழைவுச்சீட்டு வாங்கச் செய்வது அதன் நோக்கம்.

அந்த மேடையில் நிகழ்ந்தது யாது? தலைத்துண்டும் அங்கியும் அணிந்து வருவார். முஸல்லாவை விரிப்பார். மண்டியிட்டுத் தொழுவதுபோல் குனிவார். அதைக் கண்டு அரங்கமே கூச்சலிடும். பின்னர் ஒளித்து வைத்திருந்த பென்சிலால் எதிரியின் நெற்றியைக் கிழிப்பார். முகத்தில் தீப்பிழம்பை வீசுவார். இறுதியில் முதுகின்மேல் அமர்ந்து மோவாயைப் பின்னுக்கு வளைப்பார். 'ஒட்டகப் பிடி' என்று அப்பிடிக்குப் பெயர். மெக்சிகோ மல்லர் ஒருவர் உருவாக்கிய அது, அங்கே குதிரையின் பெயரால் வழங்கியது. ஷைகின் கைக்கு வந்ததும் குதிரை ஒட்டகமாயிற்று! அவருடைய மேலாளர் வேடத்தில் வந்தவர் ஒஹாயோ மாநிலத்து எர்னி ராத். அவருக்கு இட்ட மேடைப் பெயரோ அப்துல்லாஹ் ஃபாரூக். ஃபாரூக் என்றால் மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்டுபவர். உமர் (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர் அது. பொய்யே தொழிலான மேடையில் அந்தப் பெயர்!

மல்யுத்தம் நமக்கு அந்நியமன்று. வலிமைமிக்க ருகானாவோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மற்போர் செய்து வென்ற செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. ஆகவே இங்கே வருந்தத்தக்கது உடல்வலி காட்டும் கலையன்று. அடியான் இறைவன்முன் பணியும் நிலை, அடுத்து வரப்போகும் கொடுமைக்கு முன்னறிவிப்பாக்கப்பட்டதே. குத்துகள் நடிப்பென்று பலர் ஐயுற்றிருக்கலாம். தொழுகையைப் பற்றி ஐயுற அவர்களுக்கு வேறு எந்த அறிவு இருந்தது?

இதில் வியப்பு ஒன்றுண்டு. டெட்ராய்ட்டை அடுத்துள்ள டியர்பார்ன் நகரில் ஃபோர்டு மோட்டார் ஆலைகளை நம்பி வந்த அரபு முஸ்லிம்கள் வாழ்ந்தனர். டெட்ராய்ட்டின் நடுவே அமைந்த ஹைலண்ட் பார்க்கில் 1921-இலேயே ஒரு பள்ளிவாசல் எழுந்தது; டியர்பார்னில் 1938 முதல் ஒரு ஜமாஅத் இயங்கிற்று. பகலெல்லாம் ஆலையில் உழைத்து, அமைதியாக முஸல்லா விரித்தவர்களை அண்டை அயலார் கண்டிலர். தொலைக்காட்சி காட்டிய முஸல்லாவையே கண்டனர்.

நீதி தவறாது இன்னொன்றையும் சொல்லல் வேண்டும். ஷைகின் நெடுநாள் எதிராளி போபோ பிரேசில் என்ற கறுப்பினத்தவர். நிறத்தடையைத் தகர்த்து, தம்மினத்து மல்லர்களுக்கு வழி திறந்தவர். 1967-இன் கலவரத்தில் 43 பேர் மாண்ட நகரம் அது. அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒரு கறுப்பினத்தவரின் வெற்றியை வேண்டி ஒன்றாகக் குரல் கொடுத்தது சிறிய செயலன்று. ஆயின், ஓரினத்தின் மதிப்பை உயர்த்திய அதே மேடை மற்றோர் இனத்தின் மதிப்பைத் தாழ்த்தியே அதனைச் செய்தது. ஃபர்ஹத்தை மட்டும் பழிப்பதும் முறையாகாது. குடியேறியோரின் மகனுக்கு அச்சந்தை விலை கொடுத்தது அந்த ஒரு வேடத்திற்கே.

1980-இல் டெட்ராய்ட் நிறுவனம் மூடப்பட்டது. 2003 ஜனவரியில் ஃபர்ஹத் மறைந்தார். வேடமோ மறையவில்லை. 2004-இல் இத்தாலிய வழிவந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் 'முஹம்மது ஹஸன்' என்ற பெயரில் மேடையேற்றப்பட்டார். 2005 ஜூலையில் ஒளிபரப்பான காட்சியில் அவர் மண்டியிட்டுத் தொழுவதுபோல் குனிந்தார். முகமூடி அணிந்தோர் ஓடிவந்து எதிராளியைத் தாக்கினர். பின்னர் அவர் போட்டதும் அதே ஒட்டகப் பிடிதான். சில நாள் முன்னரே பதிவான அக்காட்சி வெளியான ஜூலை 7, இலண்டனில் குண்டுகள் வெடித்து 52 பேர் உயிரிழந்த நாள். கண்டனம் எழுந்தது, தொலைக்காட்சி நிறுவனம் அவ்வேடத்தை விலக்கக் கோரிற்று, அம்மாதமே அது கைவிடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் காசாக்கப்பட்ட பாவனையை நிறுத்த அத்துணைத் துயரம் தேவைப்பட்டது.

அதே 2005-இல்தான் டியர்பார்னில் அமெரிக்க இஸ்லாமிய நிலையத்தின் மாபெரும் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதன் கதவுகள் அண்டை வீட்டாருக்கும் திறக்க வேண்டியவை. நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் இது பொருந்தும். நம் தொழுகை எத்தகையது என்பதை அடுத்த வீட்டார் நம்மிடமிருந்தே அறியாவிடில், அதனை அவர்களுக்குக் காட்ட மேடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது.