அடிக்குறிப்பில் இடம் தேடும் சான்றுகள்

ஓர் ஆய்வு நூலைக் கையில் எடுப்போர் முன்னுரையைப் படிப்பர். சிலர் முடிவுரையையும் புரட்டுவர். இறுதியில் நிற்கும் துணைநூற்பட்டியலைப் படிப்போர் மிகச் சிலரே. ஆயினும் நூலின் நேர்மை குடியிருப்பது அப்பட்டியலில்தான். எவருடைய சொல்லைச் சான்றாக ஏற்றார், எவருடைய சொல்லை ஏலாது விட்டார் என்பதை நூலாசிரியர் மறைக்கவியலாத இடம் அது. அங்கே இடம் பெற்றோர் வரலாற்றின் சாட்சிகளாகின்றனர். இடம் பெறாதோர் வாழ்ந்தனர் என்பதற்கே சான்று தேட வேண்டியதாகிறது.

இவ்வுண்மையை உணர்த்துவதற்குக் காம்பாரைவிடப் பொருத்தமான ஊரைக் காண்பது அரிது. பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் அது. கிழக்கே 4,000 அடிக்கு மேல் எழுந்து நிற்கும் புஜாங் மலாக்கா மலை. மேற்கே ஈயம் தோண்டியதால் மரமற்றுப் போன வெட்டவெளி. இந்த அமைப்பு கருதியே, ஜப்பானியர் தெற்கு நோக்கி வந்தபோது, 11ஆம் இந்தியப் படைப்பிரிவு அங்கு நிலைகொண்டது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை போர் நடந்தது. கேப்டன் ஜான் கிரகாம் தலைமையில் 8ஆம் பஞ்சாப் படையணியின் சீக்கிய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியுடன் மேட்டை நோக்கிப் பாய்ந்தது அப்போரின் இறுதி நாளில்தான்.

இப்போரை எழுதப் புகும் மாணவனுக்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. படைப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இலண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் எண்ணிட்டு அடுக்கப்பட்டுள்ளன. தளபதி பெர்சிவலின் அறிக்கை 1948இல் இலண்டன் அரசிதழில் வெளியாயிற்று. பிரிட்டனின் அதிகாரபூர்வ வரலாறு 1957இலும், இந்தியாவின் அதிகாரபூர்வ வரலாறு 1960இலும் அச்சேறின. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, கோப்பு எண் யாவும் தயார். பட்டியலில் எழுதுவது ஒரு நிமிட வேலை.

அதே போர்க் காலத்தில் பேராக் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழர் கதை என்னாயிற்று? 1942ஆம் ஆண்டு முதல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப் பாதை வேலையில் பலியாயினர். அப்பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லேனும் இல்லை. அவர்தம் வரலாறு தப்பிப் பிழைத்தோர் நாவிலும், விதவைகளின் நினைவிலும், இடுகாட்டில் சாய்ந்து கிடக்கும் சில கற்களிலும், தோட்டக் கோயிலின் கணக்கேட்டிலும், பள்ளியின் மாணவர் பதிவேட்டிலும் சிதறிக் கிடக்கின்றது. இச்சான்றுகளைப் பட்டியலில் எழுதுவது எப்படி என்று அறியாத மாணவன் இவற்றை விட்டுவிடுகிறான். எழுதும் முறை தெரியாமையால் மனிதர் விடுபட்டுப் போகும் கொடுமை இது.

சான்று காட்டும் மரபு தமிழருக்குப் புதிதன்று. பழைய உரையாசிரியர்கள் நூற்றுக்கணக்கான மேற்கோள்களைத் தந்தனர். யாப்பருங்கல விருத்தி இல்லாதிருப்பின் மறைந்துபோன பல நூல்களின் அடிகள் நமக்குக் கிட்டியிரா. ஆனால் எடுத்த இடத்தைச் சொல்லாது விட்ட மேற்கோள்கள் இன்றும் தாய் தெரியாத பிள்ளைகளாகவே நிற்கின்றன. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் ஏடு உதவியோர் இன்னின்னார் என்று பெயர் சுட்டி எழுதினார். ஒரே ஒரு படியாக ஒருவர் வீட்டில் இருந்த ஏட்டை, அச்சு நூலுக்கு நிகரான சான்றாக்கிய செயல் அது.

கல்லைச் சான்றாக்கும் முறையையும் தென்னிந்தியக் கல்வெட்டறிஞர்கள் வகுத்தனர். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண் தரப்பட்டது. ஆண்டையும் எண்ணையும் சொன்னால் போதும்; கல் எந்தக் கோயிலில் எந்தச் சுவரில் உள்ளது என்பதை எவரும் அறியலாம். சுமத்ராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்று வணிக வரலாற்றின் சான்றாக நிற்பதற்கும், அது இடமும் அடையாளமும் குறித்துப் பதிவு செய்யப்பட்டதே காரணம்.

மலாயா மண்ணிலும் இப்பணிக்கு முன்னோடிகள் இருந்தனர். முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்த 1966ஆம் ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் தனிநாயக அடிகளார் தமிழாய்வுக்கான நோக்கீட்டு நூற்பட்டியலை வெளியிட்டார். மலேசியா, சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்து இராம சுப்பையா ஆக்கிய பட்டியல் 1969இல் வந்தது. கணினி இல்லாக் காலத்தில் அட்டை அட்டையாக எழுதிச் சேர்த்த உழைப்பு அது.

இன்று அட்டைகளின் இடத்தைக் கணினி நிரல்கள் பெற்றுள்ளன. 1980களின் இறுதியில் எண்ட்நோட் வந்தது. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றாசிரியர்களின் மையம் ஒன்றிலிருந்து சோட்டெரோ என்னும் இலவச நிரல் பிறந்தது. காம்பாரில் 2007இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்ட பின், ஈய வயல்களாக இருந்த பகுதியிலேயே இத்தகைய நிரல்களைப் பயன்படுத்தும் மாணவர் கூட்டம் பெருகிற்று. விவரங்களைக் கட்டங்களில் ஒருமுறை நிரப்பிவிட்டால், வேண்டிய பாணியில் பட்டியலைத் தானே எழுதித் தரும் திறன் வாய்ந்தவை இவை. ஆனால் கட்டங்களை வகுத்தவர்கள் மேனாட்டு நூலகங்களை மனத்தில் கொண்டு வகுத்தனர். ஆகவே தோட்டத்துச் சான்றுகள் அக்கட்டங்களில் எளிதில் அடங்குவதில்லை.

முதல் இடர் பெயரில் தொடங்குகிறது. குடும்பப் பெயர், தனிப்பெயர் என இரு கட்டங்களை நிரல் கேட்கிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. இருப்பது தந்தையின் பெயரே. அடையாள அட்டையில் உள்ளவாறு பெயரையும் தந்தை பெயரையும் பிரித்து நிரப்பினால், பட்டியலில் தந்தை முன்னே வந்து நூலாசிரியராகிவிடுகிறார். எழுதிய மகளோ ஓர் எழுத்தாகச் சுருங்குகிறாள். சோட்டெரோவில் இரு கட்டங்களை ஒரே கட்டமாக மாற்றும் வசதி உண்டு. முழுப் பெயரையும் அதில் எழுதுவதே இதற்கு மருந்து.

அடுத்தது கல். நூல், கட்டுரை, கடிதம், நிலப்படம், கையெழுத்துப்படி எனப் பல வகைகளைத் தரும் அந்நிரலில் கல்லறைக்கென ஒரு வகை இல்லை. கையெழுத்துப்படி அல்லது கலைப்படைப்பு என்னும் வகையைத் தேர்ந்து, கல்லிலுள்ள பெயரைத் தலைப்பாகவும், "கல்லறைக் கல்வெட்டு" என்பதைப் பொருளின் தன்மையாகவும், இடுகாட்டின் பெயரையும் வரிசையையும் இருப்பிடமாகவும் குறிக்கலாம். படம் எடுத்த நாளையும் சேர்த்தல் வேண்டும். கல் பெயர்க்கப்பட்டுவிட்டால் அந்நாளே சான்றின் உயிர்.

கல்லில் உள்ள ஆண்டும் கவனத்துக்குரியது. "பார்த்திப வருடம் மாசி மாதம்" என்று ஒரு கல்லில் இருப்பதாகக் கொள்வோம். பார்த்திப ஆண்டு 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 1885-86இலும் வந்தது, 1945-46இலும் வந்தது. கல்லின் அமைப்பாலும் எழுத்தாலும் எது என்று தெளிந்த பின்னரும், மாசி மாதம் ஆண்டின் இறுதியில் வருவதால் 1946 என்றே எழுதல் வேண்டும். நிரலின் கட்டத்தில் ஆங்கில ஆண்டை இட்டு, கல்லில் உள்ள சொற்களைக் குறிப்பில் அப்படியே பெயர்த்து எழுதுவதே முறையாகும். ஆய்வாளர் ஊகம் வேறு, கல் சொன்னது வேறு என்று படிப்பவர் பிரித்தறிய வேண்டுமன்றோ?

தோட்டங்களின் பெயரிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஆங்கிலக் கோப்பில் ஒரு பெயரும் தொழிலாளர் நாவில் வேறொரு பெயருமாக வழங்கிய தோட்டங்கள் பல. ஒன்றை மட்டும் எழுதினால் மற்றொன்றைத் தேடி வருபவர் வழி தவறுவார். பள்ளிப் பதிவேடுகளின் நிலையும் அதுவே. 10 அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததால் எழுந்த பள்ளிகள் பல, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இடம் மாறின, சில மூடப்பட்டன. பதிவேடு எழுதப்பட்ட பள்ளி எது, இன்று அது இருக்கும் இடம் எது என்ற இரண்டையும் பட்டியல் தாங்க வேண்டும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் நறுக்குகளில் நாளும் பக்கமும் வெட்டுப்பட்டிருப்பின், அவற்றை ஊகித்து இட்டு நிரப்பாது, நறுக்கு எவர் தொகுப்பில் உள்ளது என்று எழுதுவதே நேர்மை.

எல்லாவற்றினும் பெரிய வினா வாய்மொழியைப் பற்றியது. சமூக அறிவியலார் பெரிதும் பின்பற்றும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் பாணி, ஆய்வாளர் தாமே நேரில் கேட்டறிந்ததை "தனிப்பட்ட தொடர்பு" என்று கட்டுரையினுள் மட்டும் சுட்டச் சொல்கிறது. இறுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. படிப்பவர் தேடிப் பெறவியலாத ஒன்றைப் பட்டியலில் தருவது பயனற்றது என்பது அதன் நியாயம். இந்த நியாயத்தை எள்ளி நகைப்பதற்கில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? சயாமிலிருந்து மீண்ட தந்தையைப் பற்றி ஒரு மூதாட்டி மூன்று மணி நேரம் சொன்னது பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அவர் தந்தையை ஏட்டில் எண்ணாகக் குறித்த நிர்வாகத்தின் கோப்பு உள்ளே வீற்றிருக்கிறது.

இதற்குத் தீர்வு விதியை மீறுவதில் இல்லை. விதி கேட்பதைக் கொடுப்பதில் உள்ளது. தேடிப் பெற இயலாமை குறையெனில், தேடிப் பெறுமாறு செய்வோம். மூதாட்டியின் இசைவைப் பெற்று, பேச்சை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, ஒரு நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ ஒப்படைத்து, எண் பெற்றுவிட்டால், அது தனிப்பட்ட தொடர்பு என்னும் நிலையிலிருந்து உயர்ந்து ஆவணமாகிறது. நிரலில் நேர்காணல் என்னும் வகையும், காப்பகம், காப்பக எண் என்னும் கட்டங்களும் முன்பே உள்ளன. வெறுமையாய் இருக்கும் அக்கட்டங்களை நிரப்ப வேண்டியவர்கள் நாமே.

இறுதியாக ஒரு சிறு எச்சரிக்கை. கணினி எழுத்துகளுக்கு இட்ட எண் வரிசையும் நம் அகரவரிசையும் ஒன்றல்ல. அவ்வெண்களில் 'ன' என்பது 'ப'வுக்கு முன்னே நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அதுவே மெய்களின் கடைசி. எனவே நிரல் அடுக்கித் தந்த தமிழ்ப் பட்டியலை ஒருமுறை கண்ணால் சரிபார்த்தல் கடமையாகும். கருவி உதவும், பொறுப்பை அது ஏற்காது.

காம்பார் மேட்டில் வீழ்ந்த வீரருக்கு நாட்குறிப்பு உண்டு, நினைவுச் சின்னம் உண்டு. அதே காலத்தில் லயத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு மீளாத தமிழனுக்கு மிஞ்சியிருப்பது ஒரு முதியவரின் நினைவு. அந்நினைவும் ஆண்டுதோறும் அருகி வருகிறது. கல் சாயுமுன், நா ஓயுமுன், அவற்றுக்கு ஒரு வரி இடம் தருவது இளைய ஆய்வாளர்தம் கையில் உள்ளது. துணைநூற்பட்டியலில் அவ்வொரு வரி, பெயரற்றுப் போனவனுக்கு நாம் நடும் கல்லாகும்.