கொழும்புத்துறைக் கொட்டில்

யாழ்ப்பாணத்துச் சமூகம் ஒருவரின் தகுதியை அவருடைய வீட்டைக் கொண்டே நெடுங்காலம் அளந்து வந்தது. மலாயாவுக்குச் சென்று ரயில்வேயிலோ அரசாங்கக் கந்தோரிலோ எழுதுவினைஞராக இருந்தவர், ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியதும் முதற்காரியமாகக் கல்வீடு கட்டினார். சீதனம் பேசும் வீடுகளில் காணியும் வளவும் வீடுமே முதலில் வாயில் வந்தன. அத்தகைய மண்ணிலே, சென்ற நூற்றாண்டின் முதற்பாதியில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த மனிதர் ஓலைக்கொட்டில் ஒன்றில் வாழ்ந்தார் என்பது சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

அவர் யோகர் சுவாமிகள். 1872ஆம் ஆண்டு மே மாதம் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் பயின்றவர். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞருக்கு அக்காலம் வைத்திருந்த பாதையிலேயே அவரும் சென்றார். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்திலே களஞ்சியக் காப்பாளர் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. காடு வெட்டிக் குளமும் வாய்க்காலும் அமைத்த காலம் அது. நல்லூர்த் தேரடியிலிருந்த செல்லப்பா சுவாமிகளைக் கண்ட பின்னர் அந்த உத்தியோகத்தை உதறினார். 1910ஆம் ஆண்டில் கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்று திரும்பினார்.

அதன் பின்னர் அவர் வந்து தங்கிய இடம் கொழும்புத்துறை. யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடனீரேரியை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. பெயரிலேயே துறை இருக்கிறது. நீரேரிக்கு அப்பாலுள்ள பூநகரிப் பக்கத்துக்குத் தோணியில் போய்வருவோர் பயன்படுத்திய இடம். அங்கே வீதியோரத்து இலுப்பை மரத்தின் கீழ் வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகள் இருந்தார். அன்பர்கள் வற்புறுத்திய பின்னரே அருகிலிருந்த ஒரு வளவின் கொட்டிலுக்குள் குடிபுகுந்தார். மரநிழலிலிருந்து கொட்டிலுக்கு என்பது சிறிய இடப்பெயர்ச்சிதான். ஆயினும் 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மறையும்வரை அவர் அதைவிடப் பெரிய வீடு எதையும் தேடிக்கொள்ளவில்லை.

கொட்டில் என்ற சொல்லைத் தமிழகத்து வாசகர்கள் மாட்டுக்கொட்டிலோடு மாத்திரம் சேர்த்து நினைக்கக்கூடும். ஈழத்தில் அது மனிதர் வாழும் சிறுகுடிலையும் குறிக்கும். நிலத்திலே கப்பு நட்டு, பனஞ்சிலாகையும் வரிச்சும் கட்டி, மேலே கிடுகு அல்லது பனையோலை வேய்வார்கள். தரையைச் சாணம் கொண்டு மெழுகுவார்கள். தாழ்வாரம் தாழ்ந்திருப்பதால் குனிந்துதான் உள்ளே செல்ல முடியும். ஐப்பசியில் வாடை மழை பிடிப்பதற்கு முன்னர் கூரையைப் பார்த்தாக வேண்டும். கிடுகானால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். ஓராண்டு கவனியாமல் விட்டால் ஒழுகும். தொடர்ந்து விட்டால் கறையான் தின்றுவிடும். ஆளின் கை இருக்கும்வரையில்தான் கொட்டில் இருக்கும்.

அந்தத் தாழ்வாரத்தில் குனிந்தவர்களில் பலவகையினர் இருந்தனர். தமிழ் ஆசிரியர்களும் நியாயவாதிகளும் வந்தனர், கமக்காரரும் வந்தனர். வந்தவர் எல்லாரையும் அவர் வரவேற்றாரில்லை. கடுஞ்சொல் கேட்டுத் திரும்பியோரும் உண்டு. 1949ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் ஒருவர் வந்து வணங்கிச் சென்றார். பின்னாளில் ஹவாய்த் தீவில் ஆதீனம் நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி அவரே. இலங்கையின் ஆளுநர் நாயகமாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த மகன் சந்தசுவாமி என்ற பெயருடன் யோகரின் சீடரானார். தந்தை கொழும்பில் இராசமாளிகையில் இருந்தார். மகன் நாடி வந்ததோ கொழும்புத்துறைக் கொட்டிலை. இலங்கை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முரண்களில் இது ஒன்று.

இவ்வளவு பேர் வந்தும் கொட்டில் மாளிகையாகவில்லை. ‘சிவதொண்டன்’ இதழ் 1935இல் தொடங்கியது. வண்ணார்பண்ணையில் சிவதொண்டன் நிலையம் 1953இல் அமைந்தது. நிறுவனத்துக்கு வேண்டிய கட்டடம் வேறிடத்தில் எழுந்தது. தமக்குரிய இடத்தை அவர் கொட்டிலாகவே வைத்துக்கொண்டார். பொதுப்பணியையும் சொந்த வசதியையும் பிரித்து வைத்த இந்த ஒழுங்கு, நம்முடைய தலைவர்களும் மடாதிபதிகளும் கற்க வேண்டிய பாடம் என்பேன்.

ஆனால் இதை மட்டும் கூறி நிறுத்துவது பாதி உண்மையாகும். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேறு கொட்டில்களும் இருந்தன. பிறர் காணியில், காணிக்காரர் எழும்பு என்றால் எழும்ப வேண்டிய நிலையில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களின் கொட்டில்கள் அவை. பள்ளிக்கூடத்தில் சம ஆசனத்துக்காக 1930ஆம் ஆண்டளவில் போராடியவர்களின் பிள்ளைகள், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. சுவாமிகள் பிறந்த ஊர்தான் அதுவும். அவர்களுடைய கூரையும் கிடுகுதான், தரையும் சாணத்தரைதான். அதைத் துறவென்று எவரும் போற்றவில்லை. வறுமையென்று இரங்கியவரும் சிலரே.

பின்னர் கல்வீட்டுக்காரருக்கும் கொட்டில் வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. சில இலட்சம் மக்கள். நாற்சார் வீட்டில் பிறந்தவர்கள் யார் யாரோ தந்த காணிகளில் தறப்பாளும் ஓலையும் கொண்டு ஒதுங்கினர். 2009இல் வன்னிமக்கள் அடைக்கப்பட்ட முகாமின் பெயர் மெனிக் பாம். பெயரிலே பண்ணை, உள்ளே முட்கம்பியும் கூடாரங்களும். அது 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

பத்திரிகையாளனாகப் பல ஆண்டுகள் இடம்பெயர்வுச் செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றியவன் நான். ‘தற்காலிகக் கொட்டில்’ என்ற தொடர் என் பேனாவுக்குக் கீழ் எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறது. பத்தாண்டு, பதினைந்தாண்டு வாழ்ந்த கொட்டிலையும் தற்காலிகம் என்றே எழுதினோம். வேறு சொல் இருக்கவில்லை.

இன்று உலகெங்கும் பண்ணைக் குடில்கள் விடுமுறைப் பொருளாகிவிட்டன. நகரத்தார் பணம் கட்டி மண்சுவரும் ஓலைக்கூரையும் உள்ள அறையில் இரண்டு இரவு தங்கி, எளிமை கண்டதாகப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஓலைக்கூரையின் கீழ் வரும் உறக்கம் நல்ல உறக்கம்தான். ஆனால் அவர்களுக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கிறது. யோகருக்கு, வேண்டுமென்றால் நாளையே கல்வீடு கட்டித்தர ஆயிரம் பேர் இருந்தனர், அவர் வேண்டாமென்றார். மெனிக் பாமில் இருந்தவரை எவரும் கேட்கவேயில்லை.

கொழும்புத்துறைக்குச் சென்று சுவாமிகளின் சமாதியை வணங்கும் அன்பர்கள், அவர் எளிமையைப் போற்றுவது முறையே. அவ்வாறு போற்றுவோர், அதே மாவட்டத்தில் போர் முடிந்து பல்லாண்டு கழிந்த பின்னரும் சொந்தக் காணிக்குத் திரும்ப இயலாமல் இருந்த குடும்பங்களையும் அவ்வேளையில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வேண்டாமென்று சொல்லும் உரிமை, முதலில் ஒரு வீடு இருப்பவருக்கே உண்டு.