வேதாரணியத்தில் விளைந்த அறம்



அகிம்சை என்றதும் புத்தர், மகாவீரர், காந்தியடிகள் ஆகிய பெரியோர் நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்களை வணங்குகிறோம், வணங்கிவிட்டு, அது அவர்களுக்கே இயன்ற அறம் என்று விலகியும் நிற்கிறோம். குடும்பமும் தொழிலும் உடைய எளிய மனிதனுக்கு அவ்வறத்தில் பங்கு யாது? இவ்வினாவிற்கு 1930-ஆம் ஆண்டில் தஞ்சைத் தரணி ஒரு விடை அளித்தது.

அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் காந்தியடிகள் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகச் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரை நோக்கிப் புறப்பட்டார். தமிழகத்தில் அவ்வறப்போருக்குத் தலைமை பூண்டவர் ராஜாஜி. ஏப்ரல் 13-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு அவர் நடக்கலானார். 1919-ஆம் ஆண்டில் அதே ஏப்ரல் 13-ஆம் நாளில்தான் ஜாலியன்வாலா பாக்கில் படைக்கலம் ஏந்தாத மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பழிவாங்கும் எண்ணம் எழுதற்குரிய அந்நாளில், இப்படை வெறுங்கையுடன் புறப்பட்டது.

தொண்டர்க்கு உணவோ உறையுளோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். விருந்தோம்பலே குற்றமாயிற்று! எனினும் காவிரி நாட்டு மக்கள் கலகம் செய்தாரல்லர், கல்லெறிந்தாரல்லர். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். நடந்து வந்தோர் பசியாறினர். ஏப்ரல் 30-ஆம் நாள் வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் உப்பு எடுத்த ராஜாஜி கைதானார். தொண்டர்க்குத் துணைநின்ற வேதரத்தினம் பிள்ளையும் சிறை புகுந்தார்.

இவ்வரலாற்றில் என் நெஞ்சைவிட்டு நீங்காதவர் ஒருவர் உண்டு. அவர் வேதாரணியத்தில் சவரத் தொழில் செய்துவந்த வைரப்பன். தொண்டர்களைத் துன்புறுத்தும் போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார். ஒருநாள் தம்முன் அமர்ந்தவர் போலீஸ்காரர் என்பதை அறியாமல் வேலையைத் தொடங்கினார். அறிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். மிரட்டலுக்கும் அவர் பணியவில்லை. ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

சிறிது எண்ணிப் பாருங்கள். படைக்கலம் இல்லாதவன் பொறுத்துக்கொண்டான் என்றால், அதனை இயலாமை என்று உலகம் இகழக்கூடும். வைரப்பன் கையிலோ கூரிய கத்தி இருந்தது. எதிரே அரசாங்கத்தின் ஏவலாளர் கழுத்தை நீட்டி அமர்ந்திருந்தார். அக்கத்தியை அவர் ஓங்கவில்லை, தொழிலுக்கும் பயன்படுத்தவில்லை, கீழே வைத்துவிட்டார். தீங்கு செய்யவும் மறுத்தார். தீங்குக்குத் துணைபோகவும் மறுத்தார். மறுத்ததனால் வந்த துன்பத்தைப் பிறர்மேல் ஏற்றாமல் தாமே சுமந்தார். அகிம்சையின் முழுப்பொருளும் இதில் அடங்கிவிட்டதன்றோ?

அவர் அதற்காக ஆசிரமம் புகவில்லை. நூல் பல கற்கவில்லை. தம் தொழிலிடத்திலேயே தமக்குரிய அறத்தைக் கண்டார். சோறு சமைத்தோர் அதனை மரக்கிளையில் கண்டனர்.

நம் கைகளிலும் கருவிகள் உண்டு. எழுதுகோல், தராசு, அதிகாரம், நாக்கு ஆகிய ஒவ்வொன்றும் ஒருவரை வெட்டவும் வல்லது. அநீதிக்கு ஊழியம் செய்யவும் வல்லது. அவற்றை எப்பொழுது கீழே வைப்பது என்று அறிந்து, வருவதை ஏற்கத் துணிந்தவனுக்கு அகிம்சை பெரியோரின் உடைமையாக மட்டும் இராது. அவனுடைய சொந்த அறமாகவும் ஆகிவிடும்.