இறந்த பின்னும் இரு வரிசை: அமெரிக்கச் சிற்றூர்ப் போர் நினைவுச் சின்னங்களில் இனஒதுக்கல்

தென் கரோலைனா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது கிரீன்வுட் கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த நிர்வாகப் பிரிவு. பெரும்பாலும் பரப்பில் அதனினும் சிறியது. அதன் தலைமையிடமான கிரீன்வுட் நகரில், போர்களில் உயிரிழந்த உள்ளூர் வீரர்களுக்கான நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. முதலாம், இரண்டாம் உலகப் போர்களுக்கான தகடுகளில் இறந்தோரின் பெயர்கள் ‘வெள்ளையர்’, ‘நிறத்தவர்’ என்னும் இரு தலைப்புகளின்கீழ்ப் பிரித்துப் பொறிக்கப்பட்டிருந்தன. கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் இறந்தவர்களின் பெயர்களோ ஒரே வரிசையில் கலந்திருந்தன.

உள்ளூர் நினைவுச் சின்னங்களைப் பற்றிப் பேசும்போது, நம்மவர் பெயர் அங்கே இருக்கிறதா என்றே முதலில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் கிரீன்வுட்டில் பெயர்கள் விடுபடவில்லை. எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்பட்டன, அத்தலைப்பை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பவையே அங்கு எழுந்த கேள்விகள்.

பிரிவினை கல்லில் தொடங்கவில்லை, காகிதத்தில் தொடங்கியது. 1917 சூன் மாதம் கட்டாயப் படைச்சேர்ப்புக்காக அமெரிக்க அரசு அச்சிட்ட பதிவட்டையின் ஒரு மூலையில், பதிவு செய்பவர் ஆப்பிரிக்க வம்சாவளியினராயின் அம்மூலையைக் கிழித்துவிடுமாறு அலுவலருக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அட்டைக் கட்டைப் புரட்டியவுடன் கறுப்பினத்தவர் யாவர் எனத் தெரிந்துவிடும். அப்போரில் ஏறத்தாழ 3,80,000 கறுப்பின அமெரிக்கர் படைப்பணி ஆற்றினர்; அவர்களில் சுமார் 2,00,000 பேர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோருக்குத் துப்பாக்கி தரப்படவில்லை. கப்பலில் சரக்கு இறக்குவதும் சாலை போடுவதும் பிணங்களைப் புதைப்பதும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைகள். போரிலும் எந்த வேலை யாருக்கு என்பது பிறப்பால் முடிவு செய்யப்பட்டதை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

போரிட அனுமதிக்கப்பட்ட சில படைப்பிரிவுகளுள் 371ஆவது காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்று. தென் கரோலைனாவின் கொலம்பியா நகருக்கு அருகிலுள்ள ஜாக்சன் முகாமில் உருவாக்கப்பட்ட இப்படையின் சிப்பாய்கள் அனைவரும் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். அமெரிக்கத் தளபதிகள் இவர்களைப் பிரெஞ்சுப் படையின் கட்டளைக்குக்கீழ் ஒப்படைத்துவிட்டனர். கிரீன்வுட்டுக்குச் சற்று வடக்கே ஆண்டர்சன் கவுண்டியின் சாண்டி ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பண்ணைத் தொழிலாளி ஃபிரெடி ஸ்டவர்ஸ் இப்படையில் கார்ப்பரலாக இருந்தார். 1918 செப்டம்பர் 28 அன்று பிரான்சில் 188ஆம் குன்றின்மீது நடந்த தாக்குதலில், மேலுள்ளோர் வீழ்ந்தபின் தம் அணியைத் தாமே முன்னடத்தி உயிர்நீத்தார். ‘மெடல் ஆஃப் ஹானர்’ என்னும் உயரிய விருதுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டார். அப்பரிந்துரை ஆவணக் குவியலில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1991 ஏப்ரலில்தான் குடியரசுத் தலைவர் புஷ் அவருடைய சகோதரியர் இருவரிடம் விருதை அளித்தார். முதலாம் உலகப் போருக்காக அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஸ்டவர்ஸின் உடல் பிரான்சிலுள்ள மியூஸ்-ஆர்கோன் அமெரிக்கப் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே கல்லறைகள் பதவியாலோ இனத்தாலோ பிரிக்கப்படவில்லை. அந்நிய மண்ணில் அருகருகே உறங்குபவர்களுக்குச் சொந்த ஊரில் இரண்டு பட்டியல்கள்.

கொரியப் போரின் பெயர்கள் ஏன் கலந்திருந்தன என்பதற்கும் இதே மாநிலத்தில் விடை உண்டு. 1946 பிப்ரவரி 12 அன்று, இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி அன்றுதான் விடுவிக்கப்பட்டிருந்த ஐசக் வுட்டர்ட் என்னும் கறுப்பினச் சார்ஜெண்ட், சீருடையுடன் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பேட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார். அவ்வூர்க் காவல்துறைத் தலைவர் அடித்ததில் இரு கண்களிலும் பார்வை போயிற்று. வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி அரைமணி நேர அளவிலேயே அக்காவலரை விடுதலை செய்தது. இவ்வழக்கு எழுப்பிய கொந்தளிப்பு குடியரசுத் தலைவர் ட்ரூமனை அசைத்தது. 1948 சூலை 26 அன்று படைகளில் சமமாக நடத்துமாறு ஆணை 9981 பிறந்தது. கிரீன்வுட் தகடுகள் ஒன்றாகக் கலந்ததற்குப் பின்னால் ஒரு மனிதரின் இரு கண்கள் இருக்கின்றன.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கிரீன்வுட் மேயர் வெல்போர்ன் ஆடம்ஸ் நன்கொடையாக 15,000 டாலர் திரட்டி, அகரவரிசையில் பெயர்கள் கலந்த புதிய தகடுகளைப் பதிக்க முயன்றார். சின்னத்துக்கு உரிமையுடைய முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியனின் உள்ளூர்க் கிளையும் இசைந்தது. தடுத்தது மாநிலத்தின் பாரம்பரியச் சட்டம். தலைமைச் செயலகக் குவிமாடத்தின்மேல் பறந்த கூட்டமைப்புக் கொடியை, அதாவது அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியை, இறக்குவதற்கான பேரத்தில் 2000ஆம் ஆண்டு பிறந்த சட்டம் அது. பொது இடத்திலுள்ள போர்ச் சின்னம் எதையும் மாற்ற வேண்டுமாயின் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்றது. தளபதிகளின் சிலைகளைக் காக்க எழுதப்பட்ட விதி, இறந்த சிப்பாய்களின் பெயர்களை ஒன்றுசேர்க்கவும் தடையாயிற்று. வழக்கு தொடரப்பட்டது, உள்ளூர் நீதிபதி மாற்றத்துக்கு வழிவிட்டார். வேறொரு வழக்கில் 2021 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லும் என்றது; மூன்றில் இரு பங்கு நிபந்தனையை மட்டும் நீக்கியது. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாலும், சட்டமன்றத்தின் ஒப்புதல் இன்னும் வேண்டும்.

மாற்றத்தை எதிர்த்தோர் அனைவரும் இனவெறியர் அல்லர். பிரித்த தகடே அக்காலத்தின் சாட்சி, அதை அகற்றினால் சாட்சி அழியும் என்றனர் வரலாற்றார்வலர் சிலர். வழக்கறிஞராக இவ்வாதத்தின் வலிமையை நான் உணர்கிறேன். சான்றாவணத்தை அழிப்பதை எவரும் விரும்பமாட்டோம். ஆனால் சான்றாவணத்துக்குரிய இடம் ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமும். பேரப்பிள்ளைகள் மலர் வைக்க வரும் இடத்தில் ‘நிறத்தவர்’ என்ற தலைப்பு நிற்கும்வரை அது சாட்சியம் அன்று, நடைமுறை. பழைய தகட்டை உருக்காமல், விளக்கக் குறிப்புடன் வேறிடத்தில் வைப்பதே சரி.

பெயரை அழிப்பது எத்துணை எளிது என்பதற்கு ஆரகன் மாநிலத்தின் ஹூட் ரிவர் கவுண்டி சான்று. பழத்தோட்டங்கள் நிறைந்த இவ்வூரின் நீதிமன்றச் சுவரில் படைப்பணியாற்றுவோரின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. 1944 நவம்பரில் அமெரிக்கன் லீஜியனின் அவ்வூர்க் கிளை, ஜப்பானிய வம்சாவளியினரான 16 வீரர்களின் பெயர்களை அழித்தது. அவர்களின் குடும்பங்களில் பல அப்போது தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தன. பெயர் அழிக்கப்பட்டவர்களுள் ஒருவரான ஃபிராங்க் ஹச்சியா அடுத்த சில வாரங்களில் பிலிப்பைன்சின் லெய்ட்டே தீவில் காயமுற்று, 1945 சனவரி 3 அன்று இறந்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. களத்திலிருந்த வெள்ளையின வீரர்களே கடிதம் எழுதிக் கண்டித்தனர். அவ்வாண்டிலேயே பெயர்கள் மீண்டும் எழுதப்பட்டன.

பீமா கோரேகான் தூணை அறிந்தோருக்கு இவை அந்நியமாகத் தோன்றா. 1818 சனவரி 1 போரில் மடிந்த கம்பெனிப் படையினரின் பெயர்களைத் தாங்கிய அத்தூணில் சாதித் தலைப்பு ஏதுமில்லை. ‘நாக்’ என்று முடியும் பெயர்களைக் கொண்டே மகர் வீரர்களை அடையாளம் காண்கிறோம். அத்தூணை எழுப்பிய ஆட்சியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. 1927 சனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே சென்றதன் பின்னணியில் இவ்வரலாறும் உண்டு.

உள்ளூர்ச் சின்னம் ஒன்றைப் பற்றி மனு எழுதப் புகுவோர், உணர்ச்சிக்கு முன் மூன்றைக் கேட்டறிய வேண்டும்: நிலம் யாருடையது, கல் யாருடையது, மாற்றத்துக்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கிரீன்வுட்டில் நிலம் ஒருவருடையது, கல் இன்னொருவருடையது, கடிவாளம் மூன்றாமவரிடம்.

பேட்ஸ்பர்க்கிலோ புதிய சின்னமே எழுந்தது. 2018இல் அவ்வூர் நீதிபதி வுட்டர்ட் மீதான பழைய குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். 2019 பிப்ரவரியில் அவர் தாக்கப்பட்ட செய்தியைக் கூறும் வரலாற்றுப் பலகை அங்கு திறக்கப்பட்டது. பலகையின் அடிப்பகுதி பிரெயில் எழுத்தில் இருக்கிறது.